மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

2ஆம் தேதி, ஞாயிறு காலை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நன்றாக இருக்கிறோம் என்று ஆறு மாதமாக ஃபோனில் உன்னிடம் சொன்னதெல்லாம் பாதிப் பொய், இன்றைக்குச் சொல்வது முழு உண்மை, அதனால்தான் ஃபோனை எடுக்காமல் பேப்பரை எடுத்தேன். ஃபோனில் என்றால் நான் முதல் வரியை முடிப்பதற்குள் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், பக்கத்தில் நிற்கிற உன் அப்பா எனக்கு முன்னாலேயே அழுதுவிடுவார், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாலு நாளில் உன் கைக்கு வந்துவிடும். முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் தேதிக்கு எடுத்திருக்கிற டிக்கெட்டை இருபதாம் தேதிக்கு மாற்று. எட்டே நாள்தான். ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன், குட்டியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து படி. நடுவில் எழுந்து ஃபோன் பண்ணாதே, கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

எனக்குத் தைராய்டில் புற்றுநோய் வந்தது. வந்து, ஆபரேஷன் ஆகி, அதற்கான மருந்தையும் சாப்பிட்டு முடித்து, போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டேன். உயிருக்கு ஒன்றும் இல்லை, இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை, ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், ஸ்கேன் பார்க்கத் தெரிந்தவள் சொல்கிறேன். உன் பிரசவத்துக்கு வருவதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரத்தில், வேலைக்குக் கிளம்பும்போது அடையாள அட்டையின் கயிற்றைக் கழுத்தில் மாட்டினேன், ஒரு பக்கம் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அன்றைக்கு மத்தியானமே எங்கள் ஆஸ்பத்திரியில் அதிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், ஐந்தாம் நாள் முடிவு வந்தது. நீ அப்போது எட்டு மாதம். உன்னிடம் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறி வந்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அதனால் லீவு கிடைக்கவில்லை, ஆள் இல்லை என்று கதை கட்டினேன். குட்டி பிறந்த அன்றைக்கு நீ, "உனக்கு அந்த மீட்டர்தாம்மா பொண்ணு, நான் யாரோ" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாய். அப்போது நான் கழுத்தில் ஏழு தையலோடு படுத்திருந்தேன். நீ சொன்னது தப்பில்லை, உனக்குத் தெரிந்ததை வைத்து நீ சொன்னாய், ஆனால் ரொம்ப வலித்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வீடியோவில் அம்மாவுடைய நெற்றியும் ஃபேனும் மட்டும்தான் தெரிகிறது என்று கிண்டல் செய்வாயே, தழும்பு தெரியக் கூடாது என்றுதான் ஃபோனை அப்படிப் பிடித்தேன். இப்போது தழும்பு ஆறி, ஒரு கோடு மாதிரி இருக்கிறது.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், இதை மாப்பிள்ளையும் படிப்பார் என்பதால் இன்னொரு தரம் சொல்கிறேன். தைராய்டை எடுத்த பிறகு மிச்சம் மீதி எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அழிப்பதற்கு, கதிரியக்கம் உள்ள அயோடினை மாத்திரையாகக் கொடுப்பார்கள். தைராய்டு எங்கே ஒளிந்திருந்தாலும் அயோடினைக் கண்டால் விடாது, இழுத்துக்கொள்ளும், அதிலேயே அழிந்துபோகும். அது இழுக்காத மீதி, சிறுநீரில் வெளியே போய்விடும். போகிற வரைக்கும் அந்த நோயாளி எரிகிற அடுப்பு மாதிரி, பக்கத்தில் வருகிறவர்கள் மேல் கதிர் படும். அதனால் ஈயக் கதவு போட்ட அறையில் தனியாக வைத்து, காலையும் மாலையும் உடம்பில் இன்னும் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும், கால்விரல் கோட்டைத் தொடும்படி நோயாளி நிற்க வேண்டும், சரியாக ஒரு மீட்டர் தூரம் தள்ளி ஸ்டாண்டில் கதிரை அளக்கிற மீட்டர் இருக்கும், அதற்குப் பின்னால் ஈயத் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் நான். மாத்திரை விழுங்கியதும், பாத்ரூம் போவதற்கு முன்னாலேயே முதல் தடவை அளந்துவிட வேண்டும், அதுதான் முழுசு. பிறகு வருகிற ஒவ்வொரு எண்ணையும் அதோடு ஒப்பிட்டுத்தான் இவ்வளவு போயிருக்கிறது, இவ்வளவு மிச்சம் என்று சொல்வோம். எங்கள் ஆஸ்பத்திரியில் மீட்டர் முப்பதுக்குக் கீழே காட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவோம். இருபத்து மூன்று வருஷமாக அந்தத் தடுப்புக்குப் பின்னால் நின்று, "நேரா நில்லுங்க, முன்னால சாயாதீங்க" என்று ஆயிரக்கணக்கான பேரை விரட்டியிருக்கிறேன். இந்தத் தடவை கோட்டுக்கு அந்தப் பக்கம் நான் போய் நின்றேன்.

மாத்திரைக்கு முன்னால் இரண்டு வாரம் பத்தியம். அயோடின் கலந்த உப்பு, முட்டை, பால், மீன் எதுவும் கூடாது, ஆபரேஷனுக்கு அப்புறம் தைராய்டுக்குப் பதிலாகத் தினமும் போடுகிற மாத்திரையையும் நிறுத்தியாகிவிட்டது. அந்த மாத்திரை இல்லையென்றால் உடம்பு எப்படி மந்தமாகும் என்று நோயாளிகள் சொல்லும்போதெல்லாம் சரி சரி என்று தலையாட்டியிருக்கிறேன், இப்போதுதான் புரிந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, வெயிலிலும் குளிர்ந்தது, முகம் பன் மாதிரி வீங்கிவிட்டது. அப்பாதான் சமையல். தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பது வருஷமாக ஸ்டாம்ப் ஒட்டுகிற கை, கத்தியைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை, உருளைக்கிழங்கைத் தோல் சீவச் சொன்னால் பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும். ஆனால் ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் செய்தார், அவரும் என்னோடு சேர்ந்து சப்பென்று இருக்கிற சாப்பாட்டையே சாப்பிட்டார். நீ வந்ததும் இதை ஒரு தடவை அவரிடம் பாராட்டிச் சொல், நான் சொன்னால் ஏதோ காரியத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்.

போன திங்கட்கிழமை உள்ளே போனேன். என்னை அளக்க வந்தது ஸ்கேல் மாமா. என்னோடு பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறவர், ஒல்லியாக, உயரமாக, வளையாமல் நடப்பதால் நீ எட்டாவது படிக்கும்போது வைத்த பேர்தான், இப்போது டிபார்ட்மெண்டே அப்படித்தான் கூப்பிடுகிறது. அந்த அறைக்குள் கொண்டுபோகிற சாமான் எதுவும் லேசில் வெளியே வராது, வியர்வையும் எச்சிலும் பட்டால் அதிலும் கதிரியக்கம் ஒட்டிக்கொள்ளும். அதனால் போன மாதம் வாங்கிய புதுக் கண்ணாடியை அப்பாவிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். என் கெட்டிக்காரத்தனம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது பார். மாத்திரையை விழுங்கிவிட்டுக் கோட்டில் நின்றபோது, வராந்தாவில் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே அப்பா நின்று, ஏதோ ரயில் ஏற்றிவிட வந்தவர் மாதிரி கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நூற்றிருபது என்று மாமா வாசித்தார், சரியான அளவு, மனசில் குறித்துக்கொண்டேன். அப்புறம் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அளந்தார், எழுபது. இருக்கவே கூடாது கண்ணு, ஆபரேஷன் ஆன ஆளுக்கு ஒரு நாளில் ஐம்பதுக்குக் கீழே போயிருக்க வேண்டும். சாயங்காலம் ஐம்பத்தைந்து. புதன் காலை நாற்பத்திரண்டு. நான் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறேன், வேளைக்கு ஒரு குளியல் போடுகிறேன், எச்சில் சுரப்பியில் மருந்து தங்கக் கூடாது என்று புளிப்பு மிட்டாய் சப்பிச் சப்பி நாக்கே தேய்ந்துவிட்டது, எண் இறங்க மாட்டேன் என்கிறது. முப்பதுக்குக் கீழே இறங்கி வீட்டுக்குப் போவதைப் பற்றிய கவலை இல்லை அது. முதல் நாள் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்றால், அதைப் பிடித்து வைத்துக்கொள்ள உடம்பில் எங்கேயோ ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கழுத்தில் எடுத்தாகிவிட்டது, அப்படியென்றால் வேறு எங்கே, நுரையீரலா, எலும்பா. மாமா எண்ணை வாசித்துவிட்டு மீட்டரைத் துடைத்தார், பேனாவைத் துடைத்தார். டாக்டரம்மா இன்டர்காமில் பேசினாள், உன் வயசுதான், நல்ல பெண், "கொஞ்சம் மெதுவா இறங்குதும்மா, ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்" என்றாள். அந்தப் 'பாக்கலாம்' என்கிற வார்த்தையை இருபத்து மூன்று வருஷமாக அந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன், அதற்கு என்ன பொருள் என்று எனக்குப் புதிதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. குட்டியைக் கையில் வாங்காமலேயே போய்விடுவேனோ என்று அன்றைக்கு மத்தியானம் முழுக்க நினைத்தேன். அறையில் இருந்த காகிதத்தில் உனக்கு ஒரு கடிதமும் எழுதினேன், நாலு பக்கம், எல்லாம் அழுகை. நல்ல வேளை, என் கை பட்ட காகிதம் என்பதால் அதை வெளியே கொண்டுவர முடியவில்லை. இப்போது ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஈயப் பெட்டிக்குள் கிடக்கிறது, மூன்று மாதம் வைத்திருந்து கதிர் அடங்கியதும் குப்பையோடு குப்பையாகப் போட்டுவிடுவார்கள். அது உனக்கு எழுதிய கடிதம் இல்லை, கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிற இதுதான்.

புதன் சாயங்காலம் மாமா மறுபடி வந்தார். கோட்டில் நின்றேன், முப்பத்தொன்பது. அந்த நேரம் பார்த்து வராந்தாவைத் துடைக்கிற அக்கா ஜன்னலுக்கு வெளியே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயசு சின்னவள், வேலையில் மூத்தவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். திடீரென்று இன்டர்காம் பொத்தானை அழுத்தி, "நானும் பன்னெண்டு வருஷமா இந்த ஜன்னல் வழியா பாக்கறேன், எல்லாரும் தூண் மாதிரி நிப்பாங்க, நீங்க மட்டும் ஏம்மா கடையில வெலை பாக்கறவங்க மாதிரி கழுத்த நீட்டிக்கிட்டு எட்டிப் பாக்கறீங்க" என்றாள். நான் குனிந்து என்னைப் பார்த்தேன். கால்விரல் இரண்டும் கோட்டை ஒட்டி, அங்குலம் பிசகாமல் இருந்தது. இடுப்புக்கு மேலே இருக்கிறவள்தான் கோட்டைத் தாண்டி மீட்டருக்குப் பக்கத்தில் போய்விட்டாள். கண்ணாடி இல்லாததால் எண் தெரியவில்லை, எண்ணைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, ஒவ்வொரு தடவையும் என்னை அறியாமல் முன்னால் சாய்ந்து, தலைகீழாக இருக்கிற எண்ணைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டிய கழுத்து முக்கால் மீட்டருக்கு வந்தால் மீட்டர் கிட்டத்தட்ட இரண்டு பங்கு காட்டும், இதை நானே எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். முதல் நாள் மட்டும் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நேராக நின்றேன், அதனால் அது மட்டும் சரியாக வந்தது.

மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சுவரைப் பார்க்கச் சொல்லி மறுபடி அளந்தார், இருபத்தொன்று. டாக்டரம்மாவைக் கூப்பிட்டார், அவள் முன்னால் இன்னும் இரண்டு தடவை அளந்தார், அதே இருபத்தொன்று. ஏன்யா, நான் சாய்வது உன் கண்ணில் படவே இல்லையா என்று கேட்டேன். "பட்டுதுக்கா, ஆனா உங்களுக்குப் போய் நேரா நில்லுங்கன்னு நான் எப்படிச் சொல்வேன்" என்றார். வந்த கோபத்துக்குத் தடுப்பைத் தாண்டிப் போய் உலுக்கியிருப்பேன், அவருக்குக் கதிர் படுமே என்று விட்டேன். மரியாதை கொடுக்கிறேன் என்று என்னை இரண்டு நாள் சாகடித்துவிட்டார் மனுஷன். பாவம், அவரும் செவ்வாய் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம், நான் எப்படி அவரைத் திட்டுவது, எட்டிப் பார்த்தது நான். மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் ஆபரேஷன் நடந்த இடத்தில் மட்டும் கடுகளவு தெரிந்தது, அது எல்லோருக்கும் தெரிவதுதான், மருந்து அதைப் பார்த்துக்கொள்ளும். நுரையீரல் சுத்தம், எலும்பு சுத்தம். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அக்காவுக்கு ஒரு நல்ல புடவை எடுக்க வேண்டும், நீ வந்ததும் இரண்டு பேரும் போய் எடுப்போம், நிறம் நீ பார்த்துச் சொல்.

இப்போது வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனித் துண்டு, தனி அறை. அப்பா ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு வந்து ஹாலில் மஞ்சள் டேப் வாங்கி ஒட்டியிருக்கிறார், அதை ஒட்டினவரே டீயைத் தூக்கிக்கொண்டு நாலு தடவை தாண்டி வருகிறார், கேட்டால் டீ ஆறிவிடும் என்கிறார். பாத்ரூம் குழாய் மறுபடி சொட்டுகிறது, பிளம்பரை இந்த மூன்று வாரத்துக்கு வரச் சொல்ல முடியாது, வாளி வைத்திருக்கிறோம். நீ இப்போது என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் தேதியே கிளம்பி வந்து, அத்தை வீட்டில் தங்கி, எட்டு நாளும் வாசலில் நின்று தூரமாகப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்பாய். டாக்டரம்மாவைக் கேட்டால் அவளும் தூரமாக இருந்தால் பரவாயில்லை என்றுதான் சொல்வாள். நான் சொல்கிறேன், வேண்டாம். ஒரு நம்பரைப் பார்ப்பதற்கே வாத்து மாதிரி கழுத்தை நீட்டினவள் நான். பிறந்ததிலிருந்து கண்ணாடித் திரையில் மட்டும் பார்த்த பிள்ளை நேரில் வந்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தால் நான் கோட்டில் நிற்பேனா. நிற்க மாட்டேன், என்னை நான் அளந்து பார்த்துவிட்டேன். அதன் சின்னக் கழுத்தில் ஒரு துளி கதிர்கூட என்னால் படக் கூடாது. நீ வருவதைத் தள்ளிப்போடச் சொல்ல வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொல்ல வேண்டுமென்றால் ஆறு மாதப் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். மறைத்தது தப்பு. உன் நன்மைக்கு என்று சொல்லிக்கொண்டேன், உண்மையைச் சொன்னால் பாதி என் பயத்துக்குத்தான் மறைத்தேன், உன் குரலில் பயத்தைக் கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று. அப்பா மேல் கோபப்படாதே, அவர் வாயை நான்தான் கட்டிவைத்தேன், இரண்டு தடவை உளறப் பார்த்தார், ஃபோனைப் பிடுங்கிவிட்டேன். திட்டு எல்லாம் எனக்கே வரட்டும்.

நீ ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். பகலில் குட்டி தூங்கும்போது நீயும் படு, பாத்திரம் அப்படியே கிடக்கட்டும், யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. தண்ணீர் நிறையக் குடி. விமானத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடு, காது அடைக்காது. குளிர் உடுப்பு மூட்டை கட்டிக்கொண்டு வராதே, இங்கே எல்லாம் இருக்கிறது, குட்டிக்குத் தொட்டிலும் வாங்கியாகிவிட்டது, அப்பா அதை மூன்று தடவை பிரித்துப் பூட்டியும் ஒரு திருகாணி கூடுதலாக நிற்கிறது, மாப்பிள்ளை வந்து பார்க்கட்டும். டிக்கெட் மாற்றுகிற வேலையை இன்றைக்கே செய், நாளைக்கு என்று விடாதே.

வியாழக்கிழமை வெளியே வரும்போது டாக்டரம்மா கையில் ஒரு தாள் கொடுத்தாள். நானே பல பேருக்கு அச்செடுத்துக் கொடுத்த தாள்தான். கணவரோடு ஒரே அறையில் இத்தனை மணி நேரம், பஸ்ஸில் அடுத்தவர் பக்கத்தில் இத்தனை நிமிஷம், பெரியவர்களிடம் இவ்வளவு தூரம், குழந்தைகளிடம் இவ்வளவு தூரம் என்று எல்லாம் எண்ணாகப் போட்டிருக்கும். அதில் குழந்தை என்கிற வரிக்கு நேரே இருபதாம் தேதி என்று பேனாவால் எழுதினாள். சரி, இருபதாம் தேதிக்கு அப்புறம் பேத்தியை ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் தூக்கலாம் என்று கேட்டேன். அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கி, "அதுக்கப்புறம் கணக்கே இல்லம்மா, கை வலிச்சா கீழ விடுங்க" என்றாள். நான் வராந்தா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் சந்தோஷமாக இருங்கள். குட்டிக்கு என் முத்தத்தை மாப்பிள்ளை கொடுக்கட்டும், நீ கொடுத்தால் அழுதுகொண்டே கொடுப்பாய். இருபதாம் தேதியை மறக்காதே.

உன் வரவுக்கு நாள் எண்ணும்
அம்மா